கடல்மல்லையில் ஒரு கண்ணாடிப் பெட்டி

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. "கல்லூரியின் வரலாறு மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே மூன்று பேர் எழுதுகிறார்கள்" என்றும் சொல்லிவிட்டார்கள். நானோ மெக்கானிக்கல் படித்தவன். எந்தப் பல்லவனுக்குப் பிறகு எந்தப் பல்லவன் என்று கேட்டால் இன்றைக்கும் விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். ஆனால் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் மாமல்லபுரத்துக்கும் ஃபிலிம் காமிராவுக்கும், அதிலும் எஸ்.எல்.ஆர். என்று நாம் சொல்லும் கண்ணாடி வைத்த காமிராவுக்கும், இருக்கிற உறவைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். போட்டோகிராபி கிளப்பில் இருந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை ஃபிலிம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். ஏழெட்டு வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். 1792-ஐ ஒட்டித் தென்னாடு வந்தார்கள். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களையும் குடைவரையையும் வரைந்து, லண்டன் திரும்பிய பிறகு அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். இவர்கள் மூட்டை முடிச்சில் ஒரு பெட்டி இருந்தது. பெயர் காமிரா அப்ஸ்க்யூரா. முன்னால் லென்ஸ் வழியே வெளிச்சம் உள்ளே வரும், கண்ணாடியில் பட்டுத் திரும்பும், திரும்பிய இடத்தில் காட்சி விழும். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டியதுதான். இப்படிச் சாய்கண்ணாடி வைத்த பெட்டியின் படத்தை 1685-லேயே யோஹான் ஸான் என்ற ஜெர்மானியத் துறவி தன் புத்தகத்தில் போட்டுவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். லென்ஸ், 45 டிகிரியில் கண்ணாடி, காட்சி விழும் திரை. எஸ்.எல்.ஆரில் பாதி வந்துவிட்டது. பாக்கி இருந்தது, பென்சிலின் வேலையை வெளிச்சமே செய்துகொள்ள ஒரு ரசாயனம். அது 1839-ல் பாரிஸில் தாகேர் கையால் வெளி உலகத்துக்கு வந்தது.

ரசாயனம் கிடைத்ததும் கண்ணாடியை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது ஒரு வேடிக்கை. நூறு வருஷத்துக்கு நெருக்கமாகப் பெரும்பாலான காமிராக்களில் கண்ணாடியே கிடையாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தலைகீழ்ப் படத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்து, அப்புறம் பிளேட்டைச் செருகினார்கள். தாமஸ் சட்டன் 1861-ல் இங்கிலாந்தில் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸுக்குப் பேடன்ட் வாங்கியும் ஊர் உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1936-ல் டிரெஸ்டன் நகரத்து இஹாகீ கம்பெனியின் கீனே எக்ஸாக்டா வந்த பிறகுதான் 35 மி.மீ. ஃபிலிமும் கண்ணாடியும் ஒரே பெட்டியில் பிரபலமாகக் குடியேறின. அதில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், இடம் வலமாகத் தெரியும். 1949-ல் அதே டிரெஸ்டனிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ், பென்டாப்ரிசம் என்ற பட்டகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால் உள்ளது உள்ளபடி தெரிய வைத்தது. அப்போதும் ஒரு தொல்லை. படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும், அடுத்த படத்துக்குச் சாவி கொடுக்கும்வரை எல்லாம் இருட்டு. 1954-ல் ஜப்பானின் அசாஹி கம்பெனி, எடுத்த உடனே தானாகக் கீழே இறங்கும் கண்ணாடியை வைத்தது. அதன் வாரிசுதான் பென்டாக்ஸ். 1959-ல் நிக்கான் எஃப். 1976-ல் பென்டாக்ஸ் கே-1000. இந்தக் கடைசிப் பெயர் இருபது வருஷம் உலகத்தின் பாதி போட்டோ மாணவர்களுக்கு வாத்தியாராக இருந்தது. 1997-ல்தான் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். போட்டோ விஷயத்தில் சென்னை ரொம்பச் சீக்கிரம் விழித்துக்கொண்ட ஊர். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. அங்கே 1850-களிலேயே போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியது. அதே வருஷம் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவரை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராகவே நியமித்தார்கள். டிரைப் 1858-ல் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்றைக்குச் செல்போனில் 'பனோரமா' எடுக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அடுத்த வருஷம் டிரெவெலியன் ஆளுநராக வந்தார். கஜானாவைப் பார்த்தார், இது ஆடம்பரம் என்று கடையைக் கட்டச் சொல்லிவிட்டார். அரசாங்கங்கள் அன்றும் அப்படித்தான்.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு தடவிய காகித நெகடிவ். அந்தக் காலத்தில் எல்லோரும் மெச்சிய ஈரக் கண்ணாடி பிளேட்டு நம் வெயிலில் படுத்தும் பாடு அப்படி. ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். பக்கத்திலேயே இருட்டுக் கூடாரம் வேண்டும். சித்திரை மாதத்தில், கடற்கரை மணலில், கூடாரத்துக்குள்! இருந்தும் செய்தார்கள். சென்னை நிக்கோலஸ் கம்பெனிக்காரர்கள் மாமல்லபுரத்தை எடுத்த படங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிறகு தொல்லியல் துறையின் லாங்ஹர்ஸ்ட், பல்லவர் கட்டடக் கலை பற்றி 1924, 1928, 1930 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகம் எழுதினார். படங்களுடன். பழைய படங்களையும் இன்றைய கோயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது சிற்பம் அல்ல, கடல். கடற்கரைக் கோயிலின் காலடியில் அலை வந்து அடிக்கிறது. இன்று நாம் பார்ப்பது கற்களைக் கொட்டித் தடுத்த கரை, புல்வெளி, கம்பிவேலி. கல் எவ்வளவு கரைந்தது, கரை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல அந்தப் படங்கள் சாட்சி.

காமிராவை அளவுகோலாகவே பயன்படுத்தியவர்களும் நம் மாவட்டத்தில் இருந்தார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மைக்கேல் லாக்வுட், புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, தாவரவியல் பேராசிரியர் தயானந்தன். மூன்று பேரும் சேர்ந்து 1974-ல் 'மகாபலிபுரம் ஸ்டடீஸ்' என்ற புத்தகம் போட்டார்கள். சரித்திரத் துறைக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்! சிற்பங்களின் உடை, அணிகலன், உருவ விகிதம் இவற்றையெல்லாம் ஒப்பிட்டு, எது முந்தி எது பிந்தி என்று யோசித்தார்கள். சிரோமணி பல்லவச் சிற்பங்களின் அளவுகளைப் புள்ளியியலுக்கு உட்படுத்தித் தனியாகவும் ஆராய்ந்தார். இஞ்சினியர் என்ற முறையில் எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை. படத்தை வைத்து அளக்க வேண்டுமானால் கிட்டே நின்று அகல லென்ஸில் எடுக்கக் கூடாது, தலை சிறுத்துக் கால் பெருத்துவிடும். தள்ளி நின்று, சிற்பத்துக்கு நேராக, காமிரா அண்ணாந்து பார்க்காமல் எடுக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து நான் கற்கவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன்.

நான் நம் கல்லூரியில் சேர்ந்தது 2006-ல். டிஜிட்டல் வந்துவிட்டது, ஆனால் எங்கள் கைக்கு வரவில்லை. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்றின் விலையில் ஒரு வருஷ ஹாஸ்டல் ஃபீஸ் கட்டலாம். கிளப்பில் இருந்தது இரண்டு: ஒரு பென்டாக்ஸ் கே-1000, ஒரு ஜெனிட்-ஈ. பென்டாக்ஸை இறுதியாண்டு அண்ணன்கள் விட மாட்டார்கள். ஜூனியருக்கு ஜெனிட்தான். மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்து லட்சக்கணக்கில் உலகத்துக்கு அனுப்பிய காமிரா. ரஷ்யாவோடு ரூபாயில் வியாபாரம் நடந்த காலத்தில் இந்தியாவுக்கும் நிறைய வந்தது. கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம். கழுத்தில் மாட்டினால் கழுத்து குனியும். திருடனை அடிக்கலாம், அடித்த பிறகு அவனையே படமும் எடுக்கலாம் என்று ஹாஸ்டலில் சொல்வோம்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் புரொபசர் அல்ல. எந்திரவியல் லேபில் அட்டென்டராக இருந்த ஒருவர். இளம் வயதில் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் டார்க் ரூம் வேலை பார்த்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் 'அண்ணன்' என்றே வைத்துக்கொள்வோம். பழைய மாணவர்களுக்கு யார் என்று தெரியும்.

முதல் இரண்டு வாரம் ஃபிலிமே தரவில்லை. காலிக் காமிராவை வைத்துச் சாவி கொடுக்கச் சொன்னார், லென்ஸைக் கழற்றி மாட்டச் சொன்னார், பின்கதவைத் திறந்து ஷட்டர் ஓடுவதைப் பார்க்கச் சொன்னார். "தம்பி, திரை ரெண்டு இருக்குது பாரு. மொதத் திரை ஓடும், பின்னாடியே ரெண்டாவது ஓடும். நடுவுல இருக்கிற சந்துதான் உன் படம்." 1/30-ல் முழு ஜன்னலும் திறந்து மூடும். 1/500-ல் ஒரு மெல்லிய சந்து மட்டும் ஃபிலிமைத் தடவிக்கொண்டு போகும். திரைகளின் வேகம் ஒன்றேதான், சந்தின் அகலம்தான் மாறுகிறது. ஃபிளாஷ் ஏன் 1/30-க்கு மேல் போடக் கூடாது என்பது எனக்கு அப்போது விளங்கியது. மூன்றாவது செமஸ்டர் 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பேப்பரைவிட இது தெளிவு.

ஜெனிட்டில் இன்னொரு கூத்து. இக்காலத்து லென்ஸ் போல அழுத்தும்போது தானாகத் துவாரம் சுருங்காது. முழுசாகத் திறந்து வைத்து ஃபோகஸ் பார்க்க வேண்டும், எடுப்பதற்கு முன் வளையத்தை நாமே திருப்பிச் சுருக்க வேண்டும். திருப்பியதும் வ்யூஃபைண்டர் மங்கும். அந்த மங்கலில்தான் படம். வ்யூஃபைண்டரும் முழுப் படத்தைக் காட்டாது, ஓரம் நிறைய விட்டுவிடும். 'பார்த்ததுக்கு மேல கொஞ்சம் கிடைக்கும், கல்யாண வீட்டு இலை மாதிரி' என்பார் அண்ணன்.

பிறகு ஃபிலிம் மாட்டல். நாக்கைச் சுருளில் செருகி, பல்லில் துளை உட்கார்ந்ததா என்று பார்த்து, கதவை மூடி, இரண்டு தடவை சாவி. அப்போது இடப்பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை. முப்பத்தாறு படம் எடுத்ததாக நினைத்துக்கொண்டு ஒன்றுமே எடுக்காமல் திரும்பிய சீனியர் ஒருவர் இன்று துபாயில் பெரிய வேலையில் இருக்கிறார். இந்த வரியைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

முதல் ரோல் மாமல்லபுரத்தில்தான். விடியற்காலை பஸ். அண்ணன் எங்களைக் கடற்கரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை, அர்ச்சுனன் தபசு முன்னால் உட்கார வைத்துவிட்டார். பாறை கிழக்கு பார்த்தது. சூரியன் எழும்பும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கும், நிறம் அழகு, ஆனால் சிற்பம் தட்டை. "எடுக்காதே, இரு" என்றார். ஒன்பது மணி, பத்து மணி. சூரியன் ஏற ஏற வெளிச்சம் பாறையை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கியது. யானையின் காது மடிப்பு, தவம் செய்கிறவரின் விலா எலும்பு, பூனையின் தூக்கிய கை என்று ஒவ்வொன்றாகப் பாறையிலிருந்து வெளியே வந்தன. அரை மணி நேரம் அந்த வேடிக்கை. உச்சி கழிந்தால் பாறை தன் நிழலிலேயே போய்விடும். மார்கழி தை என்றால் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும், அது இன்னும் விசேஷம். பாறை செதுக்கிய சிற்பி இந்த வெளிச்சத்தில்தானே வேலை பார்த்திருப்பான்?

மீட்டர் விஷயமும் அங்கேதான் படித்தோம். ஜெனிட்டின் நெற்றியில் செலீனியம் மீட்டர். பேட்டரி கிடையாது, வெளிச்சம் பட்டாலே முள் ஆடும். ஆனால் மீட்டருக்கு அறிவு கிடையாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக் கணக்கு சொல்லும். வெள்ளை மணலைக் காட்டினால் மணல் சாம்பலாகும், முன்னால் நிற்கிற ஆள் கரியாவான். கறுத்த கல் நந்தியைக் காட்டினால் நந்தி வெளுக்கும். அண்ணனின் வழி எளிது: உள்ளங்கையை வெயிலில் காட்டி அளந்துகொள், அதைவிட ஒரு ஸ்டாப் கூடத் திற. ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். மீட்டரே செத்துவிட்டால்? நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில். 100 ஃபிலிமுக்கு 1/125. மணலும் அலையும் சேர்ந்து கண் கூசினால் 1/250. கிருஷ்ண மண்டபத்துக்குள் இந்தக் கணக்கெல்லாம் ஓடாது. ஜெனிட்டில் 1/30-க்குக் கீழே 'பி' மட்டுமே. ஸ்டாண்ட் வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். பையைத் தரையில் வைத்து, அதன்மேல் காமிராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். பால் கறக்கும் ஆயர், கன்றை நக்கும் பசு. ஆறு படத்தில் ஒன்று தேறியது.

திரும்பி வந்ததும் தூங்க விடவில்லை. கடற்கரைக்குப் போன காமிராவுக்கு அன்றிரவே வைத்தியம். உப்புக் காற்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் ஒரு படலம் போட்டுவிடும், அது ஈரத்தை இழுக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், ஃபோகஸ் வளையம் கரகரக்கும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊத வேண்டும். மணல் இருக்கும்போது துணியால் துடைத்தால் லென்ஸை உப்புத்தாள் போட்ட மாதிரி. பிறகு லேசாக ஈரமாக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் உடம்பு, உடனே உலர்ந்த துணி. லென்ஸ் முகத்தில் எப்போதும் ஒரு யூ.வி. ஃபில்டர், துடைப்பது அதைத்தான். மணலில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. உள்ளே இருக்கும் கண்ணாடியை மட்டும் தொடவே கூடாது. வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்னால், இதற்கு முன்னால். விரல் பட்டால் ரேகை, துணி பட்டால் கீறல். "தூசி இருந்தா இருக்கட்டும் தம்பி, அது படத்துல விழாது. அதுக்கு வேலை உனக்குக் காட்டறது மட்டும்தான், ஃபிலிமுக்கு இல்ல."

நம் ஊரில் காமிராவைக் கொல்வது கடலைவிடப் பூஞ்சைதான். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இருட்டான பீரோவுக்குள், அதுவும் தோல் உறையோடு வைத்தீர்கள் என்றால் தைமாதம் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்குச் சோறும் போடும். கிளப்பில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் அரிசி டப்பா, உள்ளே துணிப்பையில் சிலிக்கா ஜெல். நீலமாக இருந்தால் வேலை செய்கிறது, ரோஸ் ஆனால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். சமையலுக்கு எடுக்காத வாணலி! மாதம் ஒருமுறை காமிராவை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டி, எல்லா வேகத்திலும் இரண்டு இரண்டு தடவை தட்டி, சாவி கொடுக்காத நிலையில் திரும்ப வைக்க வேண்டும். ஸ்ப்ரிங்கும் மனுஷன் மாதிரி, இழுத்துக் கட்டியே வைத்தால் தளர்ந்துவிடும். பென்டாக்ஸ் கே-1000-ல் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி தூங்கும். பழைய ஜப்பான் காமிராக்களின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு நுரை, இருபது வருஷ வெயிலில் தார் மாதிரி உருகி ஒட்டும். அதைச் சுரண்டிவிட்டுப் புது நுரை ஒட்டாவிட்டால் படத்தில் வெளிச்சக் கோடு விழும்.

கழுவுதல் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வார். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்குப் புத்தகம் சொல்லும் சூடு 20 டிகிரி. செங்கல்பட்டுக் குழாய்த் தண்ணீர் வைகாசியில் 32. அந்தச் சூட்டில் ஃபிலிமின் ஜெலட்டின் ஊறிப் பொம்மும், சில சமயம் சுருங்கி வலை வலையாக வெடிக்கும். அதனால் கேன்டீனிலிருந்து ஐஸ். பாட்டிலுக்குள் அல்ல, பாட்டிலைச் சுற்றி. டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், ஒன்று குளிர்ந்து ஒன்று சுட்டால்தான் ஆபத்து. 24 டிகிரிக்கு மேல் இறங்க மறுத்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். கடைசியில் நன்றாகக் கழுவ வேண்டும், ஹைப்போ மிச்சம் இருந்தால் பத்து வருஷத்தில் படம் பழுத்துவிடும். ஓர் ஆச்சரியம்: ஹைப்போவை நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் வேகமாகக் கழுவி எடுக்கும். ஆனால் கடைசிக் குளியல் நல்ல தண்ணீரில்தான், இல்லாவிட்டால் உப்பு தங்கிவிடும்.

நாங்கள் பிரிண்ட் போட்டது கிளப் அலமாரியில் மிச்சமிருந்த 'இந்து' பேப்பரில். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம், பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. தூசு குறைவு, குளிர்ச்சி என்று பார்த்து ஊட்டியில் வைத்தார்கள். இந்தியாவின் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து போயின. 1990-களில் நலிந்து, பிறகு மூடியே போயிற்று. கோடக்கே 2012-ல் திவால் மனு கொடுத்தது, நம் ஊட்டி எம்மாத்திரம் என்று சொல்வார்கள். கோடக் எழுந்து இன்றும் ஃபிலிம் போடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-ல் பென்டாக்ஸ் ஒரு புது ஃபிலிம் காமிராவே கொண்டுவந்தது. இளைஞர்கள் மறுபடி வாங்குகிறார்கள். ஊட்டியில் மட்டும் யாரும் இல்லை.

இத்தனை பாடு எதற்கு, செல்போன் இருக்கிறதே என்று என் மனைவியே கேட்கிறார். எனக்குப் பதில் கிடைத்தது எங்கள் வகுப்பிலேயே. கொக்கிலமேடு பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவன் வீட்டுக்குள் வந்து போனது. ஆட்கள் தப்பித்தார்கள். ஆல்பம் போய்விட்டது. அவன் அப்பா அதற்கு முந்தைய வருஷமே காலமாகியிருந்தார், அவர் முகம் வீட்டில் ஒரு காகிதத்திலும் இல்லை. அக்கா கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோ திருக்கழுக்குன்றத்தில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் கவர் மேல் தேதி எழுதி நெகடிவை வைத்திருந்தார். அதில் மணமேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார் அப்பா. எங்கள் டார்க் ரூமில் அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி, டிரேயில் காகிதத்தைப் போட்டதும், முதலில் மீசை, பிறகு கண் என்று வந்தது. அண்ணன் சிவப்பு விளக்கின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டில் மாலையோடு இருக்கிறது.

பெரிய அளவிலும் இதே கதை நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கியது. அவர்களுடைய படக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில் கோயிலாக எடுத்துவைத்த படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போய், கடல் கடந்து, 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் நம்மவர்தான் என்று நிரூபிக்கக் கைகொடுத்தது அந்த நிறுவனத்தில் பத்திரமாக இருந்த பழைய படம். 2014-ல் நடராஜர் ஊர் திரும்பினார். சிற்பத்துக்குப் பட்டா கிடையாது, நெகடிவ்தான் பட்டா.

இப்போது நம் வீட்டுப் பிரச்சினை. கிளப் பீரோவில் இரண்டு தட்டு நிறைய நெகடிவ் இருக்கிறது. ஆண்டு விழாக்கள், ஹாஸ்டல் தினங்கள், பழைய ஒர்க்‌ஷாப் ஓட்டுக் கட்டடம், மாமல்லபுரம் பயணங்கள். போன தைமாதம் நான் போய்த் திறந்தபோது காடி வாடை அடித்தது. ஊறுகாய் பாட்டில் திறந்த மாதிரி. ஃபிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிடிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும், பக்கத்து ரோலையும் கெடுக்கும். குளிர்ந்த அறையில், ஈரம் பாதி அளவில் வைத்தாலே நாற்பது ஐம்பது வருஷம்தான் தாங்கும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். நம் பீரோ மேற்குச் சுவரை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே.

வாடை வந்ததை வாடை வராததிலிருந்து பிரித்து வைத்துவிட்டோம். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றுகிறோம். சுருங்க ஆரம்பித்ததை முதலில் ஸ்கேன் செய்கிறோம், இரண்டு மூன்று பேர் சனிக்கிழமைகளில் வந்து. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் வருகிறார். 'நெகடிவை ஓரத்துல பிடிடா' என்று இன்றும் அதட்டு வாங்குகிறேன். இரண்டு குழந்தைக்கு அப்பனான பிறகும்.

ஒரே குறை, யார் யார் என்று தெரியவில்லை. 1980-களின் ரோல்களில் பாதிக்குத் தேதியே இல்லை. சந்திப்பு நாளன்று செமினார் ஹாலின் பின்வரிசையில் ஒரு ஒளிமேசை போட்டிருப்போம். பக்கத்தில் லூப் கண்ணாடியும் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கும். நெகடிவில் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் தெரியும். எண்பதுகளில் படித்தவர்களுக்குத் தலைமுடியைப் பொறுத்தவரை அடையாளம் காண்பது சுலபமாகவே இருக்கும். பெயர், ஆண்டு, துறை எழுதினால் போதும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்லூரி நெகடிவ் இருந்தால், முகர்ந்து பார்த்துவிட்டு, காகித உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அன்றே ஸ்கேன் செய்து கையில் கொடுத்துவிடுவோம்.